பத்து நிமிஷம் என்று காட்டிய கை

கப்பல் இன்ஜின் ரூமில் வாய்க்கு வேலை கிடையாது. மெயின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் காதோரம் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும், அந்தக் காதிலும் இரைச்சலைத் தடுக்கிற மஃப் இறுக்கி மாட்டியிருக்கும், அதனால் திற, மூடு, மெதுவா, போதும், எத்தனை, எவ்வளவு நேரம் என்று எல்லாமே கையால்தான். சேர்ந்த ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகியபின், எந்த நாட்டுக்காரனுக்கும் கை ஒரே மாதிரிதான் பேசும் என்று ஒரு நம்பிக்கையும் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

2011 பிப்ரவரியில் ஃபோர்த் இன்ஜினியராக ஒரு கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலில் ஏறினேன். சீஃப் இன்ஜினியர் கிரேக்கர், அறுபதை நெருங்கியவர். செகண்ட் இன்ஜினியர் உக்ரைன், ஒடெசாக்காரர். போசனும் (மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி) ஆயிலர்களும் (இன்ஜின் ரூம் உதவியாளர்கள்) சமையல்காரரும் பிலிப்பைன்ஸ். தூத்துக்குடியிலிருந்து நான் ஒருவன், தமிழ் பேச வேறு ஆள் இல்லை.

ஏறி மூன்றாவது வாரம். பியூரிஃபையரைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். எண்ணெயில் இருக்கிற தண்ணீரையும் கசடையும் சுழற்றிப் பிரிக்கிற இயந்திரம் அது, பெரும்பாலும் ஃபோர்த் இன்ஜினியர் தலையில்தான் விழும். உள்ளே இருக்கிற தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி முடித்து, மூடியை மாட்டுகிற நேரத்தில் மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சீஃப் வந்து நின்றார், மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். எவ்வளவு நேரம்? நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி, பத்து விரலையும் நன்றாக விரித்து, உள்ளங்கை அவர் பக்கம் தெரிகிற மாதிரி அவரைப் பார்த்து நீட்டினேன். பத்து நிமிஷம். அவர் அசையவில்லை. புரியவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம், இன்னும் கொஞ்சம் அழுத்தி நீட்டினேன்.

ஏணியில் அவர் இறங்கி வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நேரே வந்து என் காதிலிருந்த மஃபைத் தன் கையாலேயே விலக்கி, முகத்துக்கு முகம் கிரேக்கத்தில் கத்தினார். அந்த இரைச்சலில் 'நா' என்கிற ஒரு சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. அவருடைய கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டார். பியூரிஃபையரை மாட்டி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை தாமதமானதற்கா இவ்வளவு கோபம் என்று மனசுக்குள் நானும் கொதித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி செகண்ட்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கைக்கு மூட்ஸா என்று பெயர். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேராகத் தள்ளினால் கிரேக்கர்களுக்கு அது பெரிய அவமதிப்பு. கூடவே 'நா' என்பார்கள், 'இந்தா, வாங்கிக்கோ' என்று அர்த்தம். இரண்டு கையாலும் காட்டினால் இரட்டிப்பு. நான் இரண்டு கையாலும் இரண்டு தரம் காட்டியிருந்தேன்.

இதன் பின்னால் சொல்லப்படுகிற கதை பைசாந்தியப் பேரரசு காலத்துக்குப் போகிறது. குற்றவாளியைக் கழுதைமேல் வால் பக்கம் பார்க்க உட்கார வைத்து, முகத்தில் சாம்பலும் கரியும் அப்பி, தெருத்தெருவாக ஊர்வலம் விடுவார்களாம். கரியை அள்ளி ஒருவன் முகத்தில் அப்பும்போது கை விரியத்தானே செய்யும், தண்டனை போய் அந்த விரிந்த கை மட்டும் மிஞ்சிவிட்டது. பெயரே கரியைக் குறிக்கிற பழைய சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த தண்டனை. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்ற விடுவது என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. 'என் முகத்துல கரியப் பூசிட்டியேடா' என்று ப்ளஸ் டூ மார்க் வந்த அன்று என் அம்மா சொன்னாள், அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு அழுதேன் என்று எனக்குத்தான் தெரியும். நாம் வாயால் சொல்வதை அவர்கள் கையால் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அறுபது வயது மனிதர், முப்பது வருஷத்துக்குமேல் கடலில் இருந்தவர். அவருக்குக் கீழே வேலை செய்கிற ஒரு பையன், ஆயிலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகத்தில் இரண்டு கையாலும் கரி பூசியிருக்கிறான். என் கொதிப்பெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் கண்ட்ரோல் ரூமுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வெறுமனே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லாமல், எங்கள் மொழியிலும் முகத்தில் கரி பூசுவது என்று சொல்வோம், அதன் கனம் எனக்குத் தெரியும் என்று கழுதைக் கதையோடு சேர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, 'உங்கள் ஊரிலும் கழுதையா?' என்று கேட்டார். அப்புறம் ஐந்து எப்படிக் காட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார். உள்ளங்கை உன் பக்கம் இருக்கட்டும், புறங்கை எதிராளிக்கு. கையைத் தள்ளாதே, சும்மா தூக்கு. கிரேக்கர்களே கடையில் ஐந்து என்று காட்டும்போது கையைத் திருப்பித்தான் காட்டுவார்களாம்.

அது தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்த வருஷம், ஏப்ரல் 13 வாக்குப்பதிவு. திமுகவும் காங்கிரசும் ஒரே அணி. ஒரு கட்சியின் சின்னமே விரித்த உள்ளங்கை, இன்னொரு கட்சிக்காரர்கள் உதயசூரியன் என்று ஐந்து விரலையும் விரித்துத்தான் காட்டுவார்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில் நெட் கிடைத்தபோது, பிரசார வேனில் நின்று தலைவர்கள் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்து நீட்டுகிற படங்களை சீஃபிடம் காட்டினேன். அவருக்கு நம்பவே முடியவில்லை. இவ்வளவு பேரை இப்படித் திட்டிவிட்டு ஓட்டும் கேட்கிறார்களா என்றார். எதிர் அணி என்ன காட்டும் என்று கேட்டார், இரண்டு விரல் என்றேன். அதில் அவருக்கு ஒன்றும் சிக்கல் தெரியவில்லை. இங்கிலாந்துக்காரராக இருந்திருந்தால் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூனில் கப்பல் பிரேயஸ் துறைமுகத்தில் கிடந்தது. கிரேக்கத்தில் கடன் நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம். ஏதென்ஸின் சின்டக்மா சதுக்கத்தில், நாடாளுமன்றத்துக்கு எதிரே ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு நிற்பதை மெஸ் டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி, விரலை விரித்து, அந்தக் கட்டிடத்தைப் பார்த்து மூட்ஸா காட்டியது. அத்தனை உள்ளங்கைகள். ஒலியில்லாமல் அந்தப் படத்தை மட்டும் நம் ஊரில் போட்டிருந்தால் ஏதோ வாழ்த்துக் கூட்டம் என்றுதான் நினைத்திருப்போம். சீஃப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பென்ஷன் வெட்டப்பட்ட தன் அண்ணன் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். அவமதிப்புக்கு ஒரு சைகை இருப்பது ஜனங்களுக்கு எவ்வளவு தேவை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. கல்லை எடுக்காமல், ஒருவரையும் தொடாமல், முகத்தில் கரி பூச முடிகிறது.

ஆனால் இதே கையைக் கால்பந்து பார்க்கும்போது ரெஃப்ரிக்குக் காட்டுவார்கள், சாவியை மறந்து வைத்துவிட்டு வந்தால் தங்களுக்குத் தாங்களே முகத்துக்கு எதிரே காட்டிக்கொள்வார்கள், நெருங்கிய நண்பனுக்குச் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். நாம் ஆத்ம நண்பனை நாயே என்று கூப்பிடுகிற மாதிரி.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடினால் பட்டியல் பட்டியலாக வருகிறது. இந்த நாட்டில் இந்த விரலைக் காட்டாதே, அந்த நாட்டில் அதைக் காட்டாதே. அந்தப் பட்டியல்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. விரலை மட்டும் பார்க்கிறார்கள். உள்ளங்கை எந்தப் பக்கம், யார் யாருக்குக் காட்டுகிறார், முகத்தில் சிரிப்பா முறைப்பா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். அதைவிட முக்கியமாக, அந்தப் பட்டியல் ஒரு பக்கம்தான் பேசுகிறது. நீ யாரையும் புண்படுத்திவிடாதே என்று சொல்கிறது, நீ எதற்கெல்லாம் காரணமில்லாமல் புண்படுவாய் என்று சொல்வதில்லை. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

அதே கப்பலில், போசனிடம் ஒரு சாவி எங்கே என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்காமல் உதட்டைக் குவித்து ஒரு பக்கமாக நீட்டினார். உதட்டைப் பிதுக்கினால் நமக்கு என்ன அர்த்தம்? தெரியாது, எனக்கென்ன வந்தது. தெரிந்துகொண்டே சொல்ல மறுக்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிலிப்பைன்ஸில் உதட்டால்தான் திசை காட்டுவார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் ஒழுங்காகத்தான் வழி காட்டியிருக்கிறார், சாவி அவர் உதட்டைக் குவித்த பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவருக்குச் செய்தது அதைவிட மோசம். தூரத்தில் நின்றவரை ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கி 'வா' என்று கூப்பிட்டேன். அவர்கள் ஊரில் நாயைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், மனுஷனைக் கூப்பிட உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து முழுக் கையால் அழைக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் நாமும் பெரியவர்களை ஒற்றை விரலை ஆட்டிக் கூப்பிட மாட்டோம், சொடக்குப் போட்டுக் கூப்பிட்டால் ஓட்டல் சப்ளையர்கூட முறைப்பார். போசன் ஒன்றும் சொல்லாமல் வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஆயிலர்தான் தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னான்.

செகண்ட் ஆத்திரம் வந்தால் கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நுழைத்து முட்டியாகப் பிடித்துக் காட்டுவார். 'உனக்கு ஒன்றும் கிடையாது போ' என்பது. நாங்கள் சின்ன வயதில் கட்டைவிரலை ஆட்டி வக்கணை காட்டுவோமே, அதே பொருள். வடக்கே இந்திக்காரர்களும் அங்கூட்டா காட்டுவது, டெங்கா காட்டுவது என்று கட்டைவிரலைத்தான் சொல்வார்கள். ஆனால் செகண்ட் காட்டுகிற அந்த முட்டி துருக்கியில் ஆபாசம், பிரேசிலில் அதையே மரத்தில் செதுக்கித் திருஷ்டி படாமலிருக்கக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள், பெயர் ஃபிகா. ஒரே முட்டி.

கட்டைவிரல் என்றதும் ஈரானைச் சொல்லாமல் விட முடியாது. நாம் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் நாளைக்கு நூறு தரம் போடுகிற அந்த நிமிர்ந்த கட்டைவிரல், அங்கே பழைய தலைமுறைக்குப் பச்சையான கெட்ட வார்த்தை. இளைஞர்கள் போனைப் பார்த்துப் பார்த்து நல்ல அர்த்தத்திலும் பழகிவிட்டார்கள். அப்பாவுக்குக் கெட்ட வார்த்தை, பிள்ளைக்குச் 'சரி'.

இங்கிலாந்தில் உள்ளங்கை வெளியே இருந்தால் இரண்டு விரல் வெற்றி, புறங்கை வெளியே இருந்தால் வசவு. சர்ச்சிலே 1941இல் ஆரம்பத்தில் தப்பான பக்கம் காட்டிய படங்கள் இருக்கின்றன. 1971இல் ஹார்வி ஸ்மித் என்கிற குதிரை வீரர் ஹிக்ஸ்டெட் போட்டியில் ஜெயித்த கையோடு நடுவர்களைப் பார்த்து அதைக் காட்டி, பரிசைப் பறிகொடுத்து, பிறகு திரும்பப் பெற்றார். 1992 ஜனவரியில் மூத்த ஜார்ஜ் புஷ் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் காருக்குள்ளிருந்து அன்பாகக் காட்டியது புறங்கைப் பக்கம். அஜின்கோர்ட் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் வில்லாளிகளின் விரலை வெட்டுவோம் என்று மிரட்டியதால் வந்த சைகை என்று ஒரு கதை சுற்றுகிறது, சைகை அப்படித்தான் வந்தது என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று ஒன்றும் கிடையாது. நம்மூரில் எந்தப் பக்கம் காட்டினாலும் இரட்டை இலைதான், அதில் யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை.

இத்தாலியில் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டி ஒருவரை நோக்கிக் காட்டினால், அது கொம்பு. உன் பெண்டாட்டி உன்னை ஏமாற்றுகிறாள் என்பது. 2002 பிப்ரவரியில் பிரதமராக இருந்த பெர்லுஸ்கோனி, ஐரோப்பிய அமைச்சர்கள் சேர்ந்து நின்ற படத்தில் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சர் தலைக்குப் பின்னால் அதைக் காட்டிவிட்டு விளையாட்டு என்றார். அதே வருஷம் ஆகஸ்டில்தான் ரஜினியின் 'பாபா' வந்து, கிட்டத்தட்ட அதே விரல்கள் தமிழ்நாடு முழுக்க ஆட்டோ கண்ணாடியில் பாபா முத்திரையாக ஒட்டப்பட்டன. இத்தாலிக்காரர்களே அந்தக் கொம்பைக் கீழ்நோக்கிப் பிடித்தால் கெட்டது அண்டாது என்றும் நம்புகிறார்கள். 1973இல் நேப்பிள்ஸில் காலரா பரவியபோது மருத்துவமனைக்குப் போன ஜனாதிபதி லியோனே அப்படிப் பிடித்த கை படமாகி, நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில் இப்படியா என்று திட்டு வாங்கினார்.

நடுவிரல் பற்றி எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துவுக்கு நானூறு வருஷம் முன்பே கிரேக்க நாடகத்தில் இருக்கிறது, ரோமானியர்கள் வெட்கங்கெட்ட விரல் என்றே பேர் வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் நடுவிரலால்தான் தொட்டுக் காட்டுவார், கண்ணாடியையும் அதனால்தான் மேலே தள்ளுவார், வகுப்பில் ஒருவருக்கும் அதில் தப்பாக எதுவும் தோன்றியதில்லை. அந்த விரலின் அர்த்தம் எங்கள் ஊருக்கு டிவி வழியாகப் பிறகு வந்து சேர்ந்தது. 2012 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் ரசிகர்களுக்கு அதைக் காட்டி விராட் கோலி அந்த மேட்ச் சம்பளத்தில் பாதியை அபராதமாகக் கட்டினார். அடுத்த மாதமே அமெரிக்காவில் சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி எம்.ஐ.ஏ. காட்டினார். மாதங்கி அருள்பிரகாசம், ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண், சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்தவர். போட்டியை நடத்துகிற அமெரிக்கக் கால்பந்து லீக் அவரிடம் 1 கோடியே 66 லட்சம் டாலர் வரை கேட்டது, 2014இல்தான் சமரசமானது. அது மாதங்கி முத்திரை, தன் பெயருக்குரிய அம்மனின் முத்திரை என்றும் அவர் சொன்னார். மாதங்கி முத்திரை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு, இரண்டு கையையும் கோத்து நடுவிரல் இரண்டையும் சேர்த்து நிமிர்த்துவது. அன்றைக்கு அவர் காட்டியது ஒரு கை. அவர் சொன்னதை ஏற்கலாம், விடலாம். ஒரு விரல் ஒரே மேடையில் இரண்டு ஊர் பேச முடியும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, சீஃபிடம் திரும்பி வருகிறேன். அந்த ஏப்ரல் 24 ஈஸ்டர். கிரேக்கர்கள் முட்டையை ரத்தச் சிவப்பாகச் சாயம் தோய்த்து வைத்து, ஆளுக்கொன்று எடுத்து ஒன்றோடொன்று இடிப்பார்கள், யாருடையது உடையாமல் நிற்கிறதோ அவருக்கு நல்ல வருஷம். சீஃப் மெஸ்ஸில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முட்டை கொடுத்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது முட்டையை இடது கையால் நீட்டினார்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சோத்தாங்கை, பீச்சாங்கை என்று இரண்டு கைக்கும் பெயர் வைத்து வளர்த்த ஊர். கடையில் பீச்சாங்கையால் காசு நீட்டியதற்கு அண்ணாச்சி வாங்காமல் வைத்திருந்து, கை மாற்றியபின் வாங்கிய காட்சி எனக்கு ஆறு வயதில் நடந்தது. பண்டிகை நாளில், எல்லார் முன்னிலையிலும், இடது கையால் ஒரு பண்டம். பழைய கோபத்தை இவர் மனசில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்றே நினைத்தேன். கை நீளவில்லை. அவர் கவனித்துவிட்டார். ஏன், உங்கள் மதத்தில் கூடாதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு, எங்கள் ஊரில் அந்தக் கை எதற்கு, இந்தக் கை எதற்கு என்று சொன்னேன். அவர் முட்டை இருந்த இடது கையையே ஒரு நிமிஷம் பார்த்தார். நான் இடது கைக்காரன், எல்லாமே இதில்தான் என்றார். ஆமாம், இரண்டு மாதத்துக்குமேலாக அவர் லாக் புக்கில் இடது கையால் எழுதுவதைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தும் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. அவர் முட்டையை வலது கைக்கு மாற்றி நீட்டினார், நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இடித்ததில் என்னுடையதுதான் உடைந்தது.

ஜூலையில் இறங்கி ஊருக்கு வந்தேன். அப்புறம் எத்தனையோ கப்பல், கிரேக்க சீஃப் மட்டும் இன்னும் இரண்டு பேர். ஐந்து, பத்து என்று காட்டும்போது கை தன்னால் திரும்பிக்கொள்கிறது. லீவில் இருக்கும்போது எங்கள் தெருமுனை டீக்கடையில் தூரத்திலிருந்து ஐந்து டீ என்று காட்டினால், மாஸ்டர் என் புறங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'அஞ்சா அண்ணே?' என்று சத்தமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் டம்ளரை எடுப்பார்.